கேரவனின் ஸ்லைடு தரை இற்றுப்போனது: பலகையை மாற்றினால் மட்டும் போதுமா?

சாலிகிராமம் வண்டிக்காரர் எழுதியது:

வணக்கம். படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் கேரவன்கள் இரண்டு என்னிடம் உள்ளன. அவற்றில் பெரிய வண்டியின் வலப்பக்கத்தில், வண்டியை நிறுத்திய பிறகு மோட்டாரால் வெளியே தள்ளும் ஸ்லைடு அறை ஒன்று உண்டு. நீளம் பத்தடி, ஆழம் மூன்றடி. வெளிச்சுவரை ஒட்டி ஒரு நீள சோபாவும், அதற்கு முன்னால் ஒப்பனை நாற்காலி போடும் இடமும் இருக்கின்றன. சென்ற வாரம் வடபழனியில் ஒப்பனைக் கலைஞர் ஒருவர் அந்த நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தியபோது அதன் ஒரு கால் தரைக்குள் இறங்கிவிட்டது. அன்றைக்கு மேலே ஒரு பலகையைப் போட்டுச் சமாளித்தோம். வண்டியைக் கொண்டுவந்து வினைல் விரிப்பைக் கிழித்துப் பார்த்தால், கீழே இருந்த ப்ளைவுட் தேநீரில் நனைத்த ரஸ்க் போலக் கையோடு வருகிறது.

பாடி கட்டி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தரை 18 மி.மீ. ப்ளைவுட். அதன் அடியில் கறுப்புத் தார்ப் பூச்சு மட்டுமே இருக்கிறது. இரண்டடிக்கு ஒன்றாக இரும்பு பாக்ஸ் பைப் குறுக்குச் சட்டங்கள் தாங்குகின்றன. கட்டிக்கொடுத்த பட்டறையினர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேறொரு பட்டறையில் கேட்டேன். இற்ற இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்து, மேலே கனமான வினைலாக ஒட்டித் தருவதாகவும், இரண்டே நாள் வேலை என்றும் சொன்னார்கள். இன்னொருவர் மரமே வேண்டாம், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. பலகை போடுங்கள் என்கிறார். போன கார்த்திகையிலேயே உள்ளே ஈர வாடை அடிக்கிறது என்று டிரைவர் சொன்னார். ரூம் ஸ்ப்ரே அடித்ததோடு விட்டது என் தவறு. ஐப்பசி மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஒரே முறையில் சரியாகச் செய்து முடிக்க விரும்புகிறேன்.

---

அயனாவரம் தச்சுக்கூடம் எழுதியது:

எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன், எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள் சார். கண்ணை நம்ப வேண்டாம். கோணி ஊசியையோ கூரான ஸ்க்ரூடிரைவரையோ எடுத்து, மூன்று அங்குலத்துக்கு ஒரு குத்தாகத் தரை முழுவதும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் திருப்பித் தள்ளும், கெட்டது வாங்கிக்கொள்ளும். ஊசி இறங்கிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறி வையுங்கள். மேலே இருந்து மட்டும் பார்த்தால் போதாது. ப்ளைவுட்டில் மேல் படலம் நன்றாக இருக்க, நடுப் படலங்கள் மாவாகிப் போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் ஈரமானி ஒன்றையும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக் காற்றில் திறந்து கிடக்கும் நல்ல மரமே 13 முதல் 16 விழுக்காடு ஈரம் காட்டும். 20-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் பூசணத்துக்கு வழி திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பலகை விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மெரைன் ப்ளைவுட் மட்டுமே. உங்கள் வண்டியில் போட்டிருப்பது அநேகமாக எம்.ஆர். வகை, அதாவது கடையில் கமர்ஷியல் என்று கேட்டால் கொடுப்பது. அது யூரியா வகைப் பசையால் ஒட்டியது. அலமாரிக்குப் பொருந்தும், வண்டியின் அடித்தரைக்குப் பொருந்தாது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: மெரைன் பலகையின் பசைக்கோடு ஃபீனால் பசையால் கருஞ்சிவப்பாக இருக்கும், எம்.ஆர். பலகையில் வெளிறியிருக்கும். 710-க்கு 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. முத்திரையின் மேலும் நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு சிறு துண்டை வீட்டிலேயே நான்கைந்து மணி நேரம் வேக வையுங்கள். போலிப் பலகை அதற்குள் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

டபிள்யூ.பி.சி. இற்றுப்போகாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டடி இடைவெளியில் சட்டம் இருக்கும்போது, சோபாவில் நான்கு பேர் உட்கார்ந்தால் அது வளையும். வெயிலில் நீளும், ஸ்க்ரூவையும் மரம் போல இறுக்கிப் பிடிக்காது. ஓடும் வண்டியின் அதிர்வில் அந்த ஸ்க்ரூக்கள் ஓராண்டுக்குள் கழன்று ஆடத் தொடங்கும்.

---

ஈ.சி.ஆர். பயணி எழுதியது:

சொந்தப் பயணத்துக்காகக் கேம்பர் வைத்திருப்பவன் நான். ஸ்லைடு தரை இற்றுப்போவது அமெரிக்க வண்டிகளில் மிகப் பழைய நோய். அங்கே பல வண்டிகளில் ஓ.எஸ்.பி. என்ற மரச்சில்லுப் பலகையைத் தரையாகப் போட்டு, அடியில் நெய்த பாலிப்ரொப்பிலீன் துணியை இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். விளிம்பில் நுழைந்த தண்ணீர் அந்தத் துணிக்குள்ளேயே தேங்கிப் பலகையை ஊற வைக்கிறது. நம் வண்டிகளில் துணி இல்லை என்பதைத் தவிர மற்றவை ஒன்றே.

ஆகவே மழைநீர் நுழையும் இடத்தை முதலில் தேடுங்கள். ஒன்று, ஸ்லைடின் கூரையில் தேங்கிய நீர், அறையை உள்ளே இழுக்கும்போது கூடவே வந்து உள்ளே கொட்டும். இரண்டு, சுற்றிலும் உள்ள குமிழ் ரப்பர் இறுகிப்போய், மூலைகளில் இடைவெளி விட்டிருக்கும். அறையை மூடிய நிலையில் ஒரு தாளை ரப்பருக்கு இடையில் செருகி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் அந்த இடம் பிடிக்கவில்லை என்று பொருள். ரப்பர் மிருதுவாகட்டும் என்று டிரைவர்கள் கிரீஸோ இன்ஜின் எண்ணெயோ தடவுவார்கள்; ஈ.பி.டி.எம். ரப்பர் அதைக் குடித்து உப்பிக் கெட்டுவிடும், சிலிகான் ஸ்ப்ரே மட்டுமே அதற்கு ஆகும். மூன்றாவதும் முக்கியமானதும், வெளிச்சுவரும் தரையும் சேரும் கீழ் விளிம்பில் உள்ள அலுமினியப் பட்டை. ஒன்பது வண்டிகளில் எட்டு அங்கேதான் ஒழுகும் என்பது என் எண்ணம்.

இவற்றை அடைத்துவிட்டு, மேலே வினைலை இடைவெளியின்றி ஒட்டிவிட்டால் கவலையில்லை. அமெரிக்கக் காணொளிகளில் உள்பக்கம் நீராவித் தடுப்பு கட்டாயம் என்கிறார்கள். நல்ல வினைலே அந்த வேலையைச் செய்துவிடும்.

---

சாலிகிராமம் வண்டிக்காரர் எழுதியது:

சொன்னபடி தரை முழுவதும் குத்திப் பார்த்தேன். சோபாவையும் கழற்றிவிட்டேன். கிடைத்தது எனக்குப் புரியவில்லை.

வெளிச்சுவரை ஒட்டி நான்கு அங்குல அகலத்துக்கு, பத்தடி நீளமும் கறுத்து இற்றிருக்கிறது. ஈ.சி.ஆர். நண்பர் சொன்ன கணக்கு அதற்குப் பொருந்துகிறது. அதை அடுத்து, சோபா இருந்த இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு மரம் கல் போல இருக்கிறது. ஊசி இறங்கவே இல்லை. அதற்கும் உள்ளே, நாற்காலி போடும் இடத்தில் மறுபடியும் இற்றிருக்கிறது, அதுவும் விளிம்பைவிட மோசமாக. வெளியிலிருந்து வந்த மழைநீர் நடுவில் ஒன்றரை அடியைத் தாண்டிக் குதித்துப் போய் உள்பக்கத்தை மட்டும் அழுகச் செய்யுமா? உள்ளே தண்ணீர்க் குழாயும் இல்லை, வாஷ்பேசினும் இல்லை.

---

மடிப்பாக்கம் ஏ.சி. மெக்கானிக் எழுதியது:

சார், இரண்டு கேள்விகள். நாற்காலி போடும் இடத்தின் மேல்தான் ஏ.சி. காற்று நேரே இறங்குகிறதா? சோபாவுக்கு அடியிலும் வினைல் ஒட்டியிருந்ததா?

---

சாலிகிராமம் வண்டிக்காரர் எழுதியது:

ஆம், காற்று நேரே அங்கேதான் இறங்கும். ஒப்பனை கலையக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்தோம். சோபாவுக்கு அடியில் வினைல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பட்டறையில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

---

மடிப்பாக்கம் ஏ.சி. மெக்கானிக் எழுதியது:

அப்படியானால் உங்கள் வண்டியில் இரண்டு தண்ணீர் இருக்கிறது சார். விளிம்பில் இருப்பது மழை. நாற்காலிக்கு அடியில் இருப்பது மழை அல்ல, காற்று.

மோர்ச் செம்பைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் வெளியே வேர்க்கிறதே, அந்தத் தண்ணீர் செம்புக்குள்ளிருந்து வரவில்லை. நம் அறைக் காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பும் வேர்க்கும். இதைப் பனிநிலை என்பார்கள். சென்னையில் கோடை தொடங்கி மழைக்காலம் வரைக்கும் பெரும்பாலான மாலைகளில் பனிநிலை 24, 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. உங்கள் வண்டியில் ஏ.சி. காலையிலிருந்து இரவு வரை ஜெனரேட்டரில் ஓடுகிறது. காற்று நேரே இறங்கும் தரை 20 டிகிரிக்கு வந்திருக்கும். ஸ்லைடு வெளியே தள்ளி நிற்பதால் அதன் அடிப்பக்கம் முழுவதும் திறந்த வெளி. ஈரக் காற்று தார்ப் பூச்சின் வெடிப்புகள் வழியாகவும், ஸ்க்ரூத் துளைகள் வழியாகவும், பலகை இணைப்புகள் வழியாகவும் மேலே ஏறுகிறது. மேலே வினைல் வழிவிடாமல் ஒட்டியிருக்கிறது. அதன் அடிப்பரப்பு குளிர்ந்திருப்பதால் ஈரம் அங்கேயே தண்ணீராகிறது, திரும்பிப் போக வழியில்லாமல் மரம் அதைக் குடிக்கிறது.

சோபாவுக்கு அடியில் அந்தக் குளிரும் நேரே இறங்கவில்லை, வினைலும் இல்லை. ஏறிய ஈரம் வண்டிக்குள் உலர்ந்து ஏ.சி.யின் வடிகுழாய் வழியாக வெளியே போய்விட்டது. பட்டறைக்காரர் பிடித்த மிச்சம்தான் அந்த ஒன்றரை அடி மரத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஸ்ப்ளிட் ஏ.சி.யின் குழாய்க்குக் கறுப்பு நுரை உறை போட்டு, மேலே டேப் சுற்றுகிறோம். டேப் ஓரிடத்தில் கிழிந்தால் போதும், அங்கே குழாய் வேர்த்துச் சுவரெல்லாம் நனைந்துவிடும். தடுப்பு எப்போதும் வெப்பமான பக்கத்தில், அதாவது வெளியே இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது தலைகீழாக இருக்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் ஏ.சி.யை ஐந்து மணி நேரம் ஓடவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் தரையின் வெப்பத்தைப் பாருங்கள்.

---

ஈ.சி.ஆர். பயணி எழுதியது:

ஏற்கக் கடினமாக இருக்கிறது. நான் பார்த்த ஒவ்வொரு கையேடும் நீராவித் தடுப்பை உள்பக்கமே வைக்கச் சொல்கிறது. அத்தனை பேரும் தவறாகவா சொல்வார்கள்? மேலும் வினைல் இல்லாத தரையில் காபி சிந்தினால் அதுவும் மரத்துக்குத்தானே போகும்?

---

பெரம்பூர் ஓய்வாளர் எழுதியது:

அவர்கள் சொன்னது அவர்கள் ஊருக்குச் சரி. பனி பெய்யும் ஊரில் வண்டிக்குள் அடுப்பும் ஹீட்டரும் எரியும். உள்ளே வெப்பம், வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும், ஆகையால் உள்பக்கம் தடுக்கிறார்கள். இங்கே ஆண்டில் பத்து மாதம் வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி. விதி ஒன்றுதான், வெப்பமான பக்கத்தில் தடு என்பது. பக்கம் மாறுவது ஊரைப் பொறுத்தது. மெக்கானிக் தம்பி சொன்னதை நான் முழுவதும் ஏற்கிறேன்.

பெரம்பூரில் ரயில் பெட்டிகள் கட்டும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில், பெட்டிகளின் உள்வேலைப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே தரைக்குக் கம்ப்ரெக் பலகை போடுவோம். மெல்லிய மரத் தகடுகளை ஃபீனால் பிசினில் ஊறவைத்து, வெப்பத்தில் அழுத்திச் செய்யும் பலகை அது. தண்ணீரை ஏறக்குறைய வாங்காது, ஆனால் மெரைன் ப்ளைவுட்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். உங்கள் ஸ்லைடு மோட்டாருக்கு அந்தக் கனம் ஆகாது, ஆகையால் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஏ.சி. பெட்டியிலும் மேலே பி.வி.சி. விரிப்பைத்தானே ஒட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அங்கே பலகைக்கு அடியில் நெளிவுத் தகடு முழுத் தரையையும் மூடியிருக்கும். வெளிக்காற்று பலகையை நேரே தொட முடியாது. உங்கள் வண்டியில் அந்தத் தகடு இல்லை.

அந்தத் தகடு இருந்தும் நாங்கள் முழுவதும் தப்பவில்லை. பழைய பெட்டிகள் பெரும் பழுதுபார்ப்புக்கு வரும்போது கழிவறைக்கு அடியிலும் வாசலுக்குப் பக்கத்திலும்தான் இரும்பு அரித்திருக்கும். பெட்டியின் நடுவில் வண்ணம்கூட மங்காமல் இருக்கும். தண்ணீர் நுழைவதைவிட, நுழைந்தது வெளியேற வழியில்லாததே பெரிய கேடு என்று எங்கள் ஃபோர்மேன் சொல்லிக்கொண்டே இருப்பார். தம்பி, அந்த அலுமினியப் பட்டையைக் கழற்றும்போது அதன் கீழ் உதட்டில் யாராவது சிலிகான் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

காபி சிந்துவதைப் பற்றி: சிந்தியது துடைக்கக் கூடிய தண்ணீர். விரிப்பை ஒட்டாமல் தளர்வாக விரித்தால், தூக்கித் துடைத்துக் காய வைத்துவிடலாம்.

---

சாலிகிராமம் வண்டிக்காரர் எழுதியது:

ஐயா, இரண்டும் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன.

ஏ.சி. ஐந்து மணி நேரம் ஓடிய பின் நாற்காலி இடத்தில் தரை 20 டிகிரி, சோபா இடத்தில் 25 டிகிரி. ஈரமானியில், வினைல் இன்னும் ஒட்டியிருந்த ஒரு மூலையில் 24 விழுக்காடு, வினைல் இல்லாத சோபா இடத்தில் 14. வெளிச்சுவர் ஓரத்தில் ஈரமானி அதன் உச்சத்தைத் தொட்டுவிட்டது.

பட்டையின் கீழ் உதட்டில் சிலிகான் பூச்சு நீள நெடுகிலும் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒழுகுகிறது என்று சொல்லி ஒரு பட்டறையில் நான் பணம் கொடுத்துப் பூசச் சொன்னதுதான். சுவர் வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேறும் ஒரே வழியைக் காசு கொடுத்து அடைத்திருக்கிறேன். பட்டைக்குள் கையை விட்டால் இன்னமும் ஈரச் சேறு.

முழுப் பலகையையும் எடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். அடிப்பக்கத் தடுப்பை எதனால் செய்வது என்பதுதான் இப்போது கேள்வி.

---

காசிமேடு லேமினேஷன் எழுதியது:

ஃபைபர் படகு வேலை செய்பவன் நான். அண்ணன் கேட்பது எங்கள் அன்றாட வேலை. அடிப்பக்கத்துக்குப் பிசினும் கண்ணாடியிழைத் துணியும் சேர்த்து ஒரு தோல் போட்டுவிடலாம். ஆனால் எந்தப் பிசின் என்பதில் ஏமாந்துவிடாதீர்கள்.

படகுக்கு நாங்கள் போடுவது பாலியஸ்டர் பிசின். ஃபைபர் மேல் ஃபைபர் என்றால் அது பிரமாதம். மரத்தின் மேல் அதன் பிடி நாளாக ஆகத் தளரும்; மரம் ஈரத்தில் விரிந்து சுருங்கும்போது தோல் தனியாக உரிந்து, இடையில் தண்ணீர் தங்கும். பழைய மரப் படகுகளின் மேல் ஃபைபர் ஒட்டி இப்படி உரிந்தவற்றைக் கரையிலேயே காட்ட முடியும். மரத்துக்கு எபாக்ஸிதான். விலை கூடுதல், ஆனால் உங்களுக்குத் தேவைப்படுவது முப்பது சதுர அடிக்கு மட்டுமே.

எபாக்ஸி வாங்கினால், கண்ணாடியிழைத் துண்டுகளை விரிப்பாக ஒட்டிச் செய்த, கடையில் கிடைக்கும் சாதாரண ‘மேட்’டைச் சேர்த்து வாங்காதீர்கள். அந்த மேட்டின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பொடி, பாலியஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை, மேட் நனையாமல் முரண்டு பிடிக்கும். நெய்த துணியாகக் கேளுங்கள். ஸ்லைடு நகரும்போது அடியில் ரோலர் ஓடும் இரண்டு தடங்களில் மட்டும் இரட்டைத் துணி போடுங்கள்.

செலவுக்காகப் பாலியஸ்டர் பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பிசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒரே கிண்ணத்தில் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பற்றும். கோபால்ட்டை முதலில் பிசினில் கலந்து முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

---

அயனாவரம் தச்சுக்கூடம் எழுதியது:

எபாக்ஸி பற்றித் தம்பி சொன்னது சரி. நான் சேர்ப்பது விளிம்புகளைப் பற்றி. ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டிய விளிம்பால். நான்கு விளிம்புகளுக்கும் மூன்று கை பூசுங்கள். ஸ்க்ரூத் துளைகளைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, கெட்டியாக்கிய எபாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பின் நடுவில் மறுபடி சிறு துளை போட்டால், ஸ்க்ரூ மரத்தைத் தொடவே தொடாது.

பலகை எட்டடி, உங்கள் தரை பத்தடி. இணைப்பு எட்டாவது அடியில் உள்ள சட்டத்தின் மேல் வரும் என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். இரண்டு அங்குலச் சட்டத்தில் ஒவ்வொரு பலகைக்கும் ஓர் அங்குலம்தான் கிடைக்கும். பக்கத்திலேயே இன்னொரு பாக்ஸ் பைப்பை வெல்ட் செய்துவிடுங்கள். சாய்வாகச் செதுக்கி ஒட்டும் இணைப்பு இதைவிட உறுதி, ஆனால் கனத்தின் எட்டு மடங்கு சாய்வு வேண்டும், 18 மி.மீ.க்கு ஏறத்தாழ ஆறு அங்குலம் இழைக்க வேண்டும். அதைச் சுத்தமாகச் செய்யும் கைகள் இப்போது குறைவு.

---

ஈ.சி.ஆர். பயணி எழுதியது:

சோபா இடத்து ஒன்றரை அடி நல்ல மரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்து ஊற்றினால் ஆகாதா? எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது வீண் அல்லவா?

---

பெரம்பூர் ஓய்வாளர் எழுதியது:

வெண்காரக் கரைசல் பூசணத்தைக் கொல்லும், ஆனால் இற்ற மரத்துக்கு உறுதியைத் திருப்பித் தராது. தண்ணீர் பட்டால் கரைந்தும் போய்விடும். மேலே பூச்சு இருக்கும் இடத்தில்தான் அது நிலைக்கும். நடுவில் ஒன்றரை அடியை விட்டுவைத்தால் இரண்டு பக்கமும் பத்தடி நீளத்துக்கு இணைப்பு வரும். கழற்றிய நல்ல பலகையை அலமாரிக்குப் பயன்படுத்தட்டும்.

---

சாலிகிராமம் வண்டிக்காரர் எழுதியது:

வேலை முடிந்தது. பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். இரண்டு நாள் என்று பட்டறை சொன்ன வேலை எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது, அதில் ஐந்து நாள் பிசின் இறுகக் காத்திருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது பலகையை எடுக்கும் கட்டம்தான். ஸ்லைடின் வெளிச்சுவரும் கூரையும் தரையின் வெளி விளிம்பில்தான் நிற்கின்றன. பலகையை உருவினால் சுவர் இறங்கிவிடும். ஆகவே அறையை முழுவதும் வெளியே தள்ளி, மோட்டாருக்குப் போகும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வெளிச்சுவருக்கு அடியில் நீளமான மர உத்தரம் ஒன்றைக் கொடுத்து, இரு முனையிலும் ஜாக்கியால் தாங்கினேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் பக்கத்தில் கட்டைகளையும் அடுக்கினேன். அதற்கு முன் வாயிலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரிலேயே எழுதி வைத்தேன். வேலை முடிந்ததும் மறுபடி அளந்தபோது இரண்டு மி.மீ. வித்தியாசம்தான் இருந்தது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால், அறை கோணிப்போய் ரப்பர் ஒரு பக்கம் பிடிக்காமல் போயிருக்கும்.

பழைய ஸ்க்ரூக்களில் பாதி தலையோடு வந்தன, மீதி துருவாகவே வந்தன. சட்டங்களைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, தச்சுக்கூடம் சொன்ன கூடுதல் பாக்ஸ் பைப்பையும் வெல்ட் செய்தோம். மெரைன் பலகை இரண்டு வாங்கினேன். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்றை இரண்டு பேர் தூக்கும்போதுதான், கம்ப்ரெக் வேண்டாம் என்று ஐயா சொன்னதன் அருமை தெரிந்தது.

பலகையைத் தலைகீழாகப் போட்டு, அடிப்பக்கத்துக்கு எபாக்ஸியும் நெய்த துணியும் போட்டோம். முதல் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரே வாளியில் நிறையக் கலந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் வாளி கொதித்துப் புகைந்து, கட்டியாகிவிட்டது. அதன் பிறகு அதிகாலையில், சிறு சிறு கிண்ணங்களில் கலந்து, உடனே பலகையில் பரப்பினோம். இரண்டாவது கை பூசிய அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பரப்பு மெழுகு தடவினாற்போல வழவழப்பாக இருந்தது. காசிமேட்டுத் தம்பியிடம் தனிச் செய்தியில் கேட்டேன். ஈரக் காற்றில் எபாக்ஸியின் மேல் அப்படி ஒரு படலம் ஏறும் என்றும், அதன் மேலேயே அடுத்த கை பூசினால் ஒட்டாது என்றும், வெறும் தண்ணீரும் நாரும் போட்டுக் கழுவித் துடைத்த பின் உப்புத்தாள் தேய்க்க வேண்டும் என்றும் சொன்னார். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகு உள்ளேயே இழுபடுமாம்.

ரோலர் தடங்களில் இரட்டைத் துணியின் மேல் ஸ்டெயின்லெஸ் தகட்டைப் பாலியூரிதேன் பசையால் ஒட்டினோம். ஒரு ஸ்க்ரூகூட அடிக்கவில்லை. மேல்பக்கத்துக்குத் தடித்த பூச்சு எதுவும் இல்லை. கறை இறங்காமல் இருக்க மெல்லிய ஒரு கை மட்டும். அதன் மேல் வினைலைச் சுருள் பிரித்து அப்படியே விரித்து, ஓரங்களை மர பீடிங்கால் அழுத்தியிருக்கிறோம். ஒப்பனை நாற்காலியின் சக்கரங்களால் நகராமல் இருக்குமா என்று சந்தேகப்பட்டேன், இதுவரை நகரவில்லை.

வெளி விளிம்புப் பட்டையை மறுபடி பொருத்தும்போது மேல் உதட்டுக்குப் பின்னால் பியூட்டைல் டேப்; கீழ் உதட்டில் ஒன்றும் இல்லை, அடிக்கு ஒன்றாக ஆறு மி.மீ. துளை. உதவிக்கு வந்த பையன் பழக்கத்தில் சிலிகான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான்; கையைப் பிடித்து நிறுத்தினேன். ரப்பரை நான்கு பக்கமும் புதிதாக மாற்றினோம். அறையை உள்ளே இழுக்கும் முன் கூரையைத் துடைக்க நீளக் கைப்பிடி வைப்பர் ஒன்று டிரைவரின் இருக்கைக்குப் பின்னால் இப்போது நிரந்தரமாக இருக்கிறது.

---

மடிப்பாக்கம் ஏ.சி. மெக்கானிக் எழுதியது:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் சார். காற்று இறங்கும் திசையையும் கொஞ்சம் மாற்றிவிடுங்கள். ஏ.சி. வாயில் உள்ள தகட்டைத் திருப்பிக் காற்றைக் கூரையை ஒட்டிப் போகவிட்டால் தரை இரண்டு மூன்று டிகிரி கூடும். அடியில் கறுப்பு நுரையும் ஒட்டலாம் என்று நினைத்தேன், இடம் இருக்கிறதா?

---

சாலிகிராமம் வண்டிக்காரர் எழுதியது:

இல்லை தம்பி, ஸ்லைடுக்கும் வண்டித் தரைக்கும் இடையில் அரை அங்குலம்தான் இருக்கிறது. காற்றின் திசையை மாற்றிவிட்டேன். ஒப்பனைக்காரர்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

---

சாலிகிராமம் வண்டிக்காரர் எழுதியது:

ஐப்பசியின் முதல் பெருமழைக்குப் பிறகு இன்று அளந்தேன். மூன்று நாள் விடாத மழையில் வண்டி ஸ்லைடு தள்ளிய நிலையில் நின்றிருந்தது. நாற்காலி இடத்தில் வினைலைத் தூக்கி அளந்தால் 14, சோபாவுக்கு அடியில் 14, வெளி விளிம்பு நெடுகிலும் 15. பின்பக்க மூலையில் மட்டும் 19 காட்டியது. பட்டையை அந்த இடத்தில் கழற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்க்ரூவுக்குத் துளையை அடைக்காமல் நேரே மரத்தில் ஏற்றியிருக்கிறோம். கழற்றிக் காயவிட்டிருக்கிறேன், துளையை நாளை எபாக்ஸியால் அடைக்க வேண்டும்.

சின்ன வண்டியில் ஸ்லைடு இல்லை, ஆனால் அதிலும் வினைல் ஒட்டியிருக்கிறது, அதிலும் ஏ.சி. தரையைப் பார்த்தே அடிக்கிறது. படுக்கைக்குப் பக்கத்து மூலையை இன்று மாலை கத்தியால் கிளப்பிப் பார்த்தேன்: 22.